உடம்பு முடியாதப்ப கடனை எப்படி சமாளிக்கிறது: சுங்கை சிப்புட் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து ஆபீஸ்ல கிராணியா (கிளார்க்கா) இருந்து ரிட்டையர் ஆன ஆளு நான். இப்ப டவுன்ல யாருக்காவது பாரம் நிரப்பணும், பேங்க் லெட்டர் படிச்சு சொல்லணும்னா வீட்டுக்கு வருவாங்க. வர்றவங்கள்ல பாதி பேருக்கு ரெண்டு பிரச்சினையும் ஒண்ணா இருக்கும், ஒரு பக்கம் வியாதி இன்னொரு பக்கம் கடன். திரும்ப திரும்ப கேக்குற கேள்விங்களை இங்க எழுதி வெக்கிறேன், தூரத்துல இருக்கிறவங்களுக்கும் உதவும்.

வேலைக்கு போக முடியல, அடுத்த மாசம் பேங்குக்கு கட்ட காசு இருக்காது. முதல்ல என்ன செய்யணும்?

கட்ட வேண்டிய தேதி வர்றதுக்கு முன்னாடியே பேங்குக்கு போன் பண்ணுங்க. இதை நான் எத்தனை தடவ சொன்னாலும் போதாது. ஒரு மாசம் கூட தவறாம இருக்கிற ஆளு வந்து பேசினா பேங்க் ஒரு மாதிரி கேக்கும், மூணு மாசம் போனே எடுக்காம இருந்துட்டு பேசினா வேற மாதிரி கேக்கும். உடம்பு சரியில்லாதவங்க பொதுவா என்ன பண்றாங்கன்னா, பேங்க் நம்பர் வந்தா போனை கவுத்து வெச்சிடுறாங்க, லெட்டர் வந்தா பிரிக்காம சாமி மேடை பக்கத்துல சொருகி வெச்சிடுறாங்க. பயம்தான், புரியுது, ஆனா அந்த லெட்டருக்குள்ள தேதி இருக்கு, தேதி தாண்டினா வழி குறையும்.

மலாய்ல பேச தயங்குறவங்க இதை அப்படியே சொல்லுங்க: "சாயா சக்கிட், காஜி சூடா குராங். சாயா நாக் மிந்தா பெஞ்சாடுவாலான் செமுலா. போலே பாகி சூராட்?" இது போதும். உடம்பு முடியல, சம்பளம் குறைஞ்சிருச்சு, தவணையை மாத்தி குடுங்க, அதை லெட்டரா குடுங்கன்னு அர்த்தம். வாயால சொன்னது எதுவும் கணக்கு இல்ல, லெட்டரோ ஈமெயிலோ கையில வரணும். போன்ல பேசின ஆளு பேரு, தேதி, நேரம் மூணையும் ஒரு பழைய எக்சசைஸ் புக்குல எழுதி வைங்க.

தவணையை குறைச்சா வருஷம் நீளும், வட்டியும் மொத்தத்துல கூடும். 2020-ல கோவிட் நேரத்துல 6 மாசம் கட்ட வேணாம்னு மொராட்டோரியம் குடுத்தாங்களே, அப்பவும் பல லோனுக்கு வட்டி ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அதனால எவ்வளவு நீளுது, மொத்தம் எவ்வளவு கூடுதுன்னு கேட்டுட்டு அப்புறம் சைன் பண்ணுங்க. கூடினாலும் பரவால்ல, தவறி தவறி கட்டுறதை விட அது மேல்.

மருந்து வாங்கினா கடன் கட்ட முடியாது, கடன் கட்டினா மருந்து வாங்க முடியாது. எது முதல்ல?

மருந்து. சாப்பாடு, வாடகை, கரண்டு தண்ணி, மருந்து, ஆஸ்பத்திரி போக வர காசு, இதெல்லாம் எடுத்து வெச்ச பிறகுதான் கடன். இன்சுலினை பாதி பாதியா போட்டுக்கிட்டு, தினமும் போட வேண்டியதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கிட்டு, அந்த காசுல கார்டு கட்டுறவங்களை நான் பாத்திருக்கேன், மனசு ரொம்ப கஷ்டமா இருக்கும். 2019-ல சுகாதார அமைச்சு எடுத்த கணக்குப்படி நாட்டுல பெரியவங்கள்ல 18.3% பேருக்கு இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கு, நம்ம இந்தியர்கள்ல அது இன்னும் ரொம்ப அதிகம். கால்ல ஒரு சின்ன புண்ணு, அதை பாக்காம விட்டு விரலை எடுத்து, அப்புறம் தோட்டத்துல செம்பனை குலை வெட்ட போக முடியாம போனா அந்த கடனை யாரு கட்டுறது? உங்க உடம்பு நல்லா இருந்தாதான் தவணையும் கட்ட முடியும். பேங்குக்கும் அதான் லாபம்.

சரி, மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு எப்படி கணக்கு போடுறது?

இங்கதான் எல்லாரும் வழுக்குறாங்க. நல்ல மாசத்து சம்பளத்தை வெச்சு பேங்குக்கு வாக்கு குடுத்துடுறாங்க. வியாதி வந்த வீட்டுல நல்ல மாசம் மோசமான மாசம்னு மாறி மாறி வரும், மழை மாசம்னா தோட்டத்துல வேலை நாளும் குறையும். அதனால கடைசி மூணு மாசத்து சிலிப்பை எடுத்து, எது ரொம்ப கம்மியோ அதை மட்டும் வெச்சு கணக்கு போடுங்க.

ஒரு வீட்டு கணக்கை காட்டுறேன். புருஷன் செம்பனை குலை வெட்டுறவரு, கால்ல புண்ணு வந்து அடிக்கடி எம்சி (டாக்டர் எழுதி குடுக்குற மருத்துவ லீவு) எடுக்குறாரு, மனைவி கேன்டீன்ல வேலை. ரெண்டு பேரு சம்பளமும் சேத்து மூணு மாசத்துல 2,900 வெள்ளி (ரிங்கிட்), 2,600 வெள்ளி, 2,050 வெள்ளி. நாம எடுக்குறது 2,050. வாடகை 350, சாப்பாடு 700, கரண்டு தண்ணி போன் 180, பிள்ளைங்க ஸ்கூல் வேன் கைச்செலவு 200, ஈப்போ ஆஸ்பத்திரிக்கு போக வர செலவும் புண்ணுக்கு கட்டு போடுற சாமானும் 170, மோட்டருக்கு (மோட்டார் சைக்கிளுக்கு) எண்ணெய் 120. மொத்தம் 1,720. மிச்சம் 330. ஆனா தவணை என்னன்னா மோட்டர் 210, கிரெடிட் கார்டு குறைஞ்ச கட்டணம் 250, பெர்சனல் லோன் 380, ஆக மொத்தம் 840. 330-ஐ வெச்சு 840 கட்டவே முடியாது, யாரு எப்படி கணக்கு போட்டாலும் முடியாது. இதை பேப்பர்ல பாத்த பிறகுதான் அந்த அக்கா அழுகையை நிறுத்தினாங்க, ஏன்னா தான் சிக்கனமா இல்லைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க, பிரச்சினை சிக்கனத்துல இல்ல.

இந்த மாதிரி வீட்டுல மோட்டரை காப்பாத்தணும், ஏன்னா ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் அதான் கால். 330-ல மோட்டருக்கு 210 போக மீதி 120-ல 30-ஐ கையில வெச்சிட்டு 90 வெள்ளியை கார்டுக்கும் லோனுக்கும் பிரிக்கணும்னா அது பேங்க் ஒத்துக்காது, அதுக்குதான் அடுத்த கேள்வி.

ஏகேபிகேன்னா என்ன? அங்க போனா பேரு கெட்டு போயிடுமா?

அது நாட்டோட மத்திய பேங்கான பேங்க் நெகாரா 2006-ல ஆரம்பிச்ச ஏஜென்சி. கடன் ஆலோசனைக்கு காசு வாங்க மாட்டாங்க. ஈப்போலயும் கிளை இருக்கு, போன் நம்பர் 03-2616 7766. ஐசி (அடையாள கார்டு), சம்பள சிலிப், எல்லா பேங்க் லெட்டரும் ஸ்டேட்மென்டும், ஆஸ்பத்திரி கார்டு, எம்சி, மேல சொன்ன மாதிரி எழுதின வீட்டு செலவு கணக்கு, இதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு எடுத்துட்டு போங்க. அவங்க உங்க சார்பா பேங்குங்க கூட பேசி எல்லா கடனையும் சேத்து ஒரே தவணையா மாத்துவாங்க, கார்டு பெர்சனல் லோன் மாதிரி கடனுக்கு 10 வருஷம் வரைக்கும் நீட்டலாம். அந்த திட்டத்துல இருக்குறப்ப புது கடன், புது கார்டு எடுக்க முடியாது, அது நல்லதுதான். செலவு போக கொஞ்சமாவது மிச்சம் இருக்கணும், சுத்தமா வருமானமே இல்லாதவங்களுக்கு இந்த திட்டம் சரியா வராது, அவங்க முதல்ல சொக்சோ (தொழிலாளர் சமூக பாதுகாப்பு நிறுவனம்), கெபாஜிக்கான் (சமூக நல இலாகா) பக்கம் பாக்கணும்.

பேரு விஷயம். ஆமா, பேங்குங்க பாக்குற சிசிஆர்ஐஎஸ்ங்கிற கடன் ரெக்கார்டுல தெரியும். ஆனா அந்த ரெக்கார்டுல கடைசி 12 மாசம் எப்படி கட்டினீங்கன்னுதான் மாசா மாசம் காட்டும், ஒழுங்கா கட்ட ஆரம்பிச்சா அதுவும் மாறும். ஃபேஸ்புக்ல "ரெக்கார்டு கிளீன் பண்ணி தர்றோம், 500 வெள்ளி போடுங்க"ன்னு வர்றதுக்கு ஒரு காசும் குடுக்காதீங்க.

எம்சில இருந்தா சம்பளம் குடுப்பாங்களா?

குடுக்கணும், சட்டம். 2 வருஷத்துக்கு கீழ வேலை செஞ்சா வருஷத்துக்கு 14 நாள், 2-ல இருந்து 5 வருஷத்துக்குள்ள 18 நாள், 5 வருஷமும் அதுக்கு மேலயும்னா 22 நாள். ஆஸ்பத்திரியில வார்டுல படுக்கணும்னா 60 நாள் வரைக்கும், 2023-ல இருந்து இது தனி கணக்கு. 48 மணி நேரத்துக்குள்ள மண்டோருக்கோ (மேஸ்திரி) ஆபீஸுக்கோ சொல்லிடணும், வாட்ஸ்அப்ல எம்சி படம் அனுப்பி அதை அழிக்காம வைங்க. கான்டிராக்டர் கீழ வேலை செய்றவங்களுக்கு சிலிப்பே குடுக்க மாட்டேங்குறாங்க, அப்படி இருந்தா ஈப்போ லேபர் ஆபீஸுக்கு போங்க, பயப்படாதீங்க.

சொக்சோல ஏதாவது கிடைக்குமா? எனக்கு வேலை இடத்துல அடி படல, வியாதிதான்.

நெறைய பேரு இங்கதான் விட்டுடுறாங்க. வேலையில அடி பட்டா மட்டும்தான் சொக்சோன்னு நெனப்பு. அப்படி இல்ல, பென்சன் இலாட்னு ஒண்ணு இருக்கு. கிட்னி, இருதயம், ஸ்ட்ரோக், புற்றுநோய், எதுவா இருந்தாலும், இனிமே குணமாகாது, முன்னாடி சம்பாதிச்சதுல மூணுல ஒரு பங்கு கூட சம்பாதிக்க முடியாதுன்னு மெடிக்கல் போர்டு சொன்னா கிடைக்கும். 60 வயசுக்கு கீழ இருக்கணும். முழு தகுதிக்கு கடைசி 40 மாசத்துல 24 மாசம் காசு போயிருக்கணும், அது இல்லாட்டி வேலைக்கு சேந்ததுல இருந்து மொத்த மாசத்துல மூணுல ஒரு பங்கும் குறைஞ்சது 24 மாசமும் இருந்தா குறைச்ச தகுதி. இதனாலதான் சொல்றேன், வேலையை விட்டுட்டு வருஷக்கணக்கா வீட்டுல படுத்துட்டு அப்புறம் பாரம் போடாதீங்க, அந்த 40 மாசம் ஓடிக்கிட்டே இருக்கும்.

தோட்டத்துல வேலையை விட சொல்லி "நீயே லெட்டர் எழுதி குடு"ன்னு சொன்னா அவசரப்பட்டு எழுதாதீங்க. முதல்ல சொக்சோ பாரம், அப்புறம் மத்தது. டயாலிசிஸ் வாரத்துக்கு 3 தடவ, ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம் கிட்ட போகும், அந்த செலவுக்கும் தகுதி உள்ள சொக்சோ ஆளுங்களுக்கு உதவி இருக்கு, பாரம் போடுறப்பவே அதையும் கேளுங்க. வேலை இடத்துல அடி பட்டவங்களுக்கு தனி, எம்சி 4 நாளும் அதுக்கு மேலயும் இருந்தா நாள் சம்பளத்துல 80% சொக்சோ குடுக்கும்.

இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) காசை எடுத்து கடனை ஒரேடியா அடைச்சிடலாமா?

வேணாம்னுதான் சொல்வேன். 2024 மே 11-ல இருந்து அக்கவுன்ட் மூணா இருக்கு, அதுல அக்காவுன் பிளெக்சிபெல்ல இருந்து 50 வெள்ளியில இருந்து எப்ப வேணாலும் எடுக்கலாம், அதனால கை அரிக்கும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, இபிஎஃப்ல இருக்கிற காசை கடன் குடுத்தவன் தொட முடியாது, சட்டமே காப்பாத்துது. வெளிய எடுத்துட்டா அந்த பாதுகாப்பு போச்சு. பேங்கே தவணையை குறைக்க தயாரா இருக்கிறப்ப, அந்த காசை எடுத்து கார்டுல போடுறது சரியில்ல.

பெரிய வியாதிக்கு ஆபரேஷன், சாமான் வாங்கணும்னா அக்காவுன் செஜாத்தெராவுல இருந்து மருத்துவத்துக்கு எடுக்க வழி இருக்கு, மனைவி பிள்ளை அப்பா அம்மா கூடப்பிறந்தவங்களுக்கும் எடுக்கலாம். இனிமே வேலையே செய்ய முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டா ஹிலாங் உபாயான்னு முழுசா எடுக்கலாம், அப்ப 5,000 வெள்ளி தனியா ஒரு உதவியும் உண்டு, அதுக்கு கண்டிஷன் இருக்கு, கவுன்டர்ல கேளுங்க.

ரெண்டு மாசம் மோட்டர் கட்டல. இழுத்துட்டு போயிடுவாங்களா?

தொடர்ந்து 2 மாசம் தவறினா நோட்டீஸ் அனுப்பலாம், அந்த நோட்டீஸுக்கு 21 நாள் டைம் இருக்கு. அந்த 21 நாளுக்குள்ள ஒரு மாசமாவது கட்டி, பேசி, லெட்டர் வாங்குங்க. மொத்தத்துல 75%-க்கு மேல கட்டி முடிச்சிட்டீங்கன்னா கோர்ட் ஆர்டர் இல்லாம இழுக்க கூடாது. வாடகை கொள்முதல்ல (தவணைல) எடுத்த காடிக்கும் (கார்) இதே சட்டம்தான். வீட்டு வாசல்ல வந்து நிக்கிற ஆளுகிட்ட பெர்மிட் கார்டு கேளுங்க, பேப்பர் கேளுங்க. சண்டை போடாதீங்க, போன்ல படம் எடுத்து வெச்சிக்கோங்க. வண்டியை ஒளிச்சு வெக்கிறதும், வேற ஆளுக்கு "கட்டிக்கோ"ன்னு குடுக்குறதும் தப்பான வழி, அவன் கட்டலன்னா பேரு உங்க பேருதான்.

ஆஸ்பத்திரி செலவுக்கு நகையை அடகு வெக்கலாமா? ஆலோங் (லைசென்ஸ் இல்லாம வட்டிக்கு விடுறவன்) வீட்டுக்கே வந்து குடுக்குறான்.

ரெண்டும் ஒண்ணு இல்ல. லைசென்ஸ் உள்ள அடகு கடையில மாசத்துக்கு 2% தான் வட்டி, 6 மாசம் டைம். 1,000 வெள்ளிக்கு மாசம் 20. வட்டியை கட்டி புதுப்பிக்கலாம், கட்ட முடியலன்னா நகைதான் போகும், ஆளு தேடி வராது. தாலியை கழட்டுறது எவ்வளவு வலிக்கும்னு தெரியும், ஆனா உண்மையான அவசரத்துல அது கேவலம் இல்ல. ரசீதை போட்டோ எடுத்து வைங்க, 6 மாசம் முடியிற தேதியை காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க, வியாதி வீட்டுல தேதி மறந்துதான் நெறைய நகை போயிருக்கு.

லைசென்ஸ் உள்ள வட்டிக்கடையில அடமானம் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18%-க்கு மேல போக கூடாது, அதாவது 1,000 வெள்ளிக்கு மாசம் 15. ஆலோங் வாரத்துக்கு 10% கேட்டா அதே 1,000-க்கு மாசம் 400, அசல் அப்படியே நிக்கும். அவன் ஏடிஎம் கார்டும் ஐசியும் கேப்பான், சம்பளம் விழுந்த ராத்திரியே எடுத்துடுவான். ஏற்கனவே மாட்டினவங்க ஏடிஎம் கார்டை பேங்க்ல பிளாக் பண்ணி புது கார்டு எடுங்க, மிரட்டல் வந்தா மெசேஜை அழிக்காம போலீஸ்ல ரிப்போர்ட் குடுங்க. உங்க பழைய ஆலோங் கடனை அடைக்க புது ஆலோங் எடுக்கிறது மட்டும் வேணவே வேணாம்.

கூட்டு (சீட்டு) பத்தியும் கேக்குறாங்க. உடம்பு முடியாதப்ப புதுசா கூட்டு சேராதீங்க. எடுத்துட்டு கட்ட முடியாம போனா பக்கத்து வீட்டு உறவும் சேந்து போயிடும்.

ஆஸ்பத்திரி செலவையே குறைக்க வழி இருக்கா?

இருக்கு. கவர்மென்ட் கிளினிக்ல 1 வெள்ளி, ஸ்பெஷலிஸ்ட்னா 5 வெள்ளி, பணம் போறது பெரும்பாலும் போக வர்றதுலதான். ஈப்போ பைனுன் ஆஸ்பத்திரி பார்மசில "எஸ்பியுபி" கேளுங்க, அப்படின்னா அடுத்த மாசத்து மருந்தை உங்க பக்கத்து கிளினிக்லயே வாங்கிக்கலாம், மாசா மாசம் ஈப்போ போக வேண்டியதில்ல. தகுதி இருந்தா ஓகேயு (மாற்றுத்திறனாளி) கார்டு எடுங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில கட்டணம் இல்ல. எஸ்டிஆர் (கவர்மென்ட் குடுக்குற உதவி காசு) வாங்குறவங்க 40 வயசோ அதுக்கு மேலயோன்னா பேகா பி40-ங்கிற கவர்மென்ட் சுகாதார திட்டத்துல இலவசமா உடம்பு செக் பண்ணலாம், டாக்டர் சொல்ற மருத்துவ சாமானுக்கு 20,000 வெள்ளி வரைக்கும் உதவி, புற்றுநோய் சிகிச்சையை முடிச்சவங்களுக்கு 1,000 வெள்ளி. எல்லாத்துக்கும் மேல, ஆஸ்பத்திரியில மருத்துவ சமூகப்பணி பிரிவு இருக்கு, அங்க உள்ள ஆபிசர்கிட்ட "எங்க வீட்டு நிலைமை இப்படி"ன்னு சொல்லுங்க, எந்த உதவிக்கு எந்த பாரம்னு அவங்களுக்கு தெரியும்.

போன்ல திட்டுறாங்க, திவாலாக்கிடுவோம்னு சொல்றாங்க. உண்மையா?

திவால் கேஸ் போடணும்னா கடன் குறைஞ்சது 100,000 வெள்ளி இருக்கணும். 5,000, 8,000 கார்டு கடனுக்கு திவால்னு மிரட்டினா அது வெறும் பேச்சு. ஆனா சின்ன கடனுக்கும் கோர்ட்ல கேஸ் போட முடியும், அதனால கோர்ட் பேப்பர் வந்தா ஒதுக்காதீங்க, அன்னைக்கே யாருகிட்டயாவது காட்டுங்க. அசிங்கமா பேசினா, வேலை இடத்துக்கு போன் பண்ணி மானத்தை வாங்கினா, பேங்க் நெகாரா 1-300-88-5465-க்கு புகார் குடுக்கலாம். கார்டுல 5,000 இருந்தா வருஷம் 18% வட்டில மாசம் 75 வெள்ளி வட்டியே போகுது, அதனால பேச்சை வளர்க்காம தவணை மாத்துற வேலையை பாருங்க.

மூணு மாசம் ஒழுங்கா கட்டினேன், திரும்ப வார்டுல சேத்துட்டாங்க, திரும்ப தவறிடுச்சு. எல்லாம் வீணா?

வீணா போகல. நீண்ட வியாதியில இது வரும்னே வெச்சிக்கணும். அதனால நல்ல மாசத்துல மிச்சம் வந்தா உடனே கூடுதலா கடன்ல போட்டுடாதீங்க, முதல்ல ஒரு மாசத்து தவணையை தனி அக்கவுன்ட்ல சேருங்க, அது சேந்த பிறகுதான் கூடுதல் கட்டுறது. வார்டுல படுத்தா அந்த காசு போகும். யாரு கட்டுவாங்கன்னும் முன்னாடியே முடிவு பண்ணுங்க, மனைவியோ மூத்த பிள்ளையோ, அக்கவுன்ட் நம்பர், தேதி, தொகை எல்லாம் எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டுங்க. ஐசியுல இருக்கிற ஆளுகிட்ட போய் மோட்டர் லோன் நம்பர் என்னன்னு கேக்க முடியாது. திட்டத்துல இருக்கிறவங்க தவறினா ஏகேபிகேக்கு அந்த வாரமே சொல்லுங்க.

வீட்டுல சொல்ல வெக்கமா இருக்கு. ராத்திரி தூக்கமே இல்ல.

சொல்லுங்க அண்ணே, சொல்லுங்க அக்கா. தனியா சுமக்கிற அளவுக்கு இது சின்ன விஷயம் இல்ல. பிள்ளைங்களுக்கு தெரிஞ்சா பாரம்னு நெனக்கிறீங்க, தெரியாம திடீர்னு தெரியுறதுதான் பாரம். செத்துடலாம்னு நெனப்பு வந்தா காத்திருக்காதீங்க, 15555 ஹீல் லைன், இல்லன்னா பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இப்பவே கூப்பிடுங்க. கடனுக்கு வழி இருக்கு, நான் மேல எழுதினதெல்லாம் அந்த வழிதான்.

எனக்கு ஏதாவது ஆயிட்டா கடன் பிள்ளைங்க தலையில விழுமா?

விழாது, அவங்க ஜாமீன் சைன் பண்ணியிருந்தா தவிர. நீங்க விட்டுட்டு போற சொத்துல இருந்துதான் கடனை எடுப்பாங்க. ஆனா ஜாமீன் போட்டவங்க தப்பிக்க முடியாது, அதனால யாரு யாருக்கு ஜாமீன்னு வீட்டுல சொல்லி வைங்க. வீட்டு லோனுக்கு எம்ஆர்டிஏ (வீட்டு லோனை அடைக்கிற இன்சூரன்ஸ்) எடுத்திருந்தா இறந்தாலோ நிரந்தரமா முடியாம போனாலோ பாலிசில உள்ள தொகையை அது கட்டும், பெர்சனல் லோன்ல கூட சிலதுக்கு இன்சூரன்ஸ் இருக்கும், லோன் பேப்பரை இப்பவே எடுத்து பாருங்க, வியாதி வந்து நிரந்தரமா வேலை செய்ய முடியாதவங்க உயிரோட இருக்கிறப்பவே கேட்டு வாங்க வேண்டிய காசு அது, கேக்காம தவணை கட்டிக்கிட்டு இருக்காங்க. இபிஎஃப்ல வாரிசு பேரு போட்டிருக்கீங்களான்னும் பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேரு போட்டுட்டு அப்புறம் மாத்தவே இல்லைன்னு எத்தனையோ பேரு இருக்காங்க. ஐசியை எடுத்துக்கிட்டு ஈப்போ இபிஎஃப் ஆபீஸ் கவுன்டருக்கு போனா காசு இல்லாம மாத்திக்கலாம், மெடிக்கல் செக்கப்புக்கு பைனுன் போற அன்னைக்கே அதையும் சேத்து முடிச்சிட்டு வாங்க.